கேன்டீனுக்குப் பின்னால் ஓர் ஆடாதோடை

சுண்ணாம்புக் கோடு நேராக வந்து, செடியின் தூரில் கொஞ்சமும் தயங்காமல் புகுந்து, மறுபக்கம் வெளியேறிப் போயிருந்தது. கன்னியப்பன் இந்தப் பக்கம் நின்று பார்த்தார். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயும் பார்த்தார். எங்கே நின்று பார்த்தாலும் பாதிச் செடி புதிய பைக் ஷெட்டுக்குள் இருந்தது.

"கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா மோகன்?"

அட்மின் பிரிவு மோகன் வரைபடத்தை மடித்து அக்குளில் செருகிக்கொண்டான்.

"எவ்ளோ தள்ளணும் சார்?"

"ஒரு செடி அளவுக்கு."

"தள்ளினா கடைசி வரிசை பைக்கெல்லாம் வெயில்ல நிக்கும். அதுல ஒண்ணு என்னுது."

ஒரகடத்தில் கார்களுக்கு ரப்பர் உதிரி பாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் கன்னியப்பன் மோல்டிங் பிரிவு சூப்பர்வைசர். தனக்கென்று எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவர். அவர் கேட்கிறாரே என்று மோகனுக்கே சங்கடமாகிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னான். அடுத்த மாதம் கஸ்டமர் ஆடிட் வருகிறது. வருகிறவர்களுக்குப் பசுமை என்றால் உயிர். மூலிகைத் தோட்டம் என்று ஒன்று இருந்துவிட்டால் அதை இடிக்க எந்த மேலதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டார்.

"தோட்டத்த யாரும் இடிக்க மாட்டாங்க சார். புதரத்தான் இடிப்பாங்க."

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

"போர்டு சார்."

அது ஆடாதோடைச் செடி. கேன்டீன் பின்சுவருக்கும் கைகழுவும் தண்ணீர் ஓடும் கால்வாய்க்கும் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து, கரும்பச்சை இலைகளும் வெள்ளைப் பூக்களுமாக நின்றது. அதை நட்டது லீலா. கேன்டீனில் சமையல் வேலை பார்த்தவள், கன்னியப்பனின் மனைவி. போன ஆடி மாதம் ஒரு காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. அவளுடைய புடவைகளை அவள் தங்கை எடுத்துப் போனாள். படப்பை வீட்டில் அவள் நினைவாக மிச்சமிருந்தவை எல்லாம் பாத்திரங்கள், டப்பாக்கள், ஒரு தையல் மிஷின். எதுவும் துளிர்க்காது, பூக்காது. உயிரோடு இருந்தது இந்தச் செடி ஒன்றுதான்.

ஆனால் அவர் செடியை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பல வருஷங்களுக்கு முன் கன்னியப்பனுக்கு இருமல் வந்தது. ஊரில் எல்லோருக்கும் வருகிற இருமல் இல்லை. பஸ் ஏறும்போது ஆரம்பித்தால் கம்பெனி கேட் வரும்வரை நிற்காது. லீலா எங்கிருந்தோ ஆடாதோடை இலை வாங்கிவந்து, மிளகு தட்டிப்போட்டு, கஷாயம் காய்ச்சிப் பச்சை நிற ஃபிளாஸ்கில் ஊற்றி, தினமும் டீ நேரத்தில் கையில் கொடுப்பாள். கூடவே நிபந்தனைகளும் வரும். மிஷின் பக்கத்தில் நின்று குடிக்கக் கூடாது. கேன்டீனுக்குப் பின்னால் போய், ஒரே மூச்சில் இல்லாமல், மடக்கு மடக்காக, நின்று நிதானமாகக் குடிக்க வேண்டும்.

முதல் நாள் ஒரு மடக்கு குடித்தார். வேப்பிலையைத் தேன் என்று சொல்ல வைக்கும் கசப்பு. மிச்சத்தைச் சுவர் ஓரத்தில் கொட்டினார். இரண்டாவது நாளிலிருந்து அந்த ஒரு மடக்கும் கிடையாது. ஃபிளாஸ்கோடு பின்னால் போவார், ஊற்றுவார், உடனே திரும்பினால் சந்தேகம் வரும் என்று கைகட்டிக்கொண்டு பத்து நிமிஷம் வானத்தைப் பார்த்துவிட்டு, வாயைத் துடைத்தபடி வருவார். "கசக்குதா?" என்பாள் லீலா. "பழகிடுச்சு," என்பார்.

சில மாதங்களில் இருமல் நின்றுவிட்டது. தானாகவே நின்றது என்பது அவருக்கு மட்டும் தெரியும். லீலாவோ கஷாயத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பி வந்துவிடும் என்றாள். ஒருநாள் அவர் வழக்கமாக ஊற்றும் இடத்திலேயே ஒரு குச்சி நட்டிருந்தது. இலை பறிக்கப் பக்கத்திலேயே இருக்கட்டுமே என்று நட்டதாகச் சொன்னாள். குச்சி துளிர்த்தது, கிளைத்தது, வளர்ந்தது. இத்தனை வருஷமும் அவள் அடுப்பில் நின்று காய்ச்சியதை எல்லாம் அந்தச் செடிதான் குடித்தது. ஏமாந்தவளாகவே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பது கன்னியப்பனின் நெஞ்சில் முள்ளாக இருந்தது. அவள் கைப்பக்குவம் போய்ச் சேர்ந்த இடத்தையாவது வெட்டாமல் காப்பாற்றிவிட வேண்டும்.

அவள் போன பிறகு டீயை மிஷின் லைனிலேயே வாங்கிக் குடித்துக்கொண்டார். இருமலும் திரும்பி வந்திருந்தது. பின்பக்கம் போவதற்குத்தான் இப்போது காரணம் எதுவும் இல்லை.

போர்டு எழுதினார். பெயின்ட் கடையில் தகரம் வாங்கி, பச்சை அடித்து, வெள்ளையில் தன் கையாலேயே எழுதினார்: 'மூலிகைத் தோட்டம். ஆடாதோடை. இருமல், சளி, இரைப்பு தீர்க்கும்.' மோகன் வந்து பார்த்துவிட்டு, தோட்டம் என்றால் ஒரு செடி போதுமா என்று யோசித்து, ஒரு துளசித் தொட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். சுண்ணாம்புக் கோடு அப்படியே நின்றது. அதற்கு மேல் வேலை நகரவில்லை.

நகர்ந்தது வேறொன்று. இத்தனை வருஷம் அந்தச் செடியை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் எல்லாம் போர்டைப் படித்தார்கள். படித்த மாத்திரத்தில் தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டார்கள். முதல் ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் ஒரு கை பறித்தார்கள், இரண்டாம் ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் இரண்டு கை பறித்தார்கள். இருமல் இல்லாதவர்கள் மாமியாருக்கு என்று பறித்தார்கள். அந்த வார நடுவில் கன்னியப்பன் போனபோது, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் மாரிசெல்வம் ஒரு பாலிதீன் பை நிறைய இலையை அமுக்கிக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ யாருக்குடா?"

"அம்மாவுக்கு அண்ணாச்சி. ஊருக்குக் கொரியர்ல அனுப்பணும்."

"உங்க ஊர்ல இது இல்லியா?"

"வேலி பூரா இதுதான் அண்ணாச்சி. ஆனா போர்டு கெடையாதுல்லா."

செடியில் கொழுந்துகள் நாலைந்தும் குச்சிகளும்தான் மிஞ்சின. கன்னியப்பன் போர்டைக் கழற்றினால் மோகன் ஷெட் வேலையைத் தொடங்கிவிடுவான். கழற்றாவிட்டால் செடி போய்விடும். இரண்டு நாள் யோசித்தார். வெள்ளிக்கிழமை காலை, ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன், தன் பழைய வேட்டியிலிருந்து கிழித்து மஞ்சள் நீரில் நனைத்த ஒரு துணியைச் செடியில் கட்டினார். அடியில் ஒரு கல்லை நிறுத்தி மூன்று குங்குமப் பொட்டு வைத்தார். சாமி இருக்கிற செடியில் யார் கை வைப்பார்கள்?

யாரும் வைக்கவில்லை. பறிப்பது அன்றைக்கே நின்றது. மதியம் கல்லுக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. மறுநாள் வளையல்கள். செவ்வாய்க்கிழமை யாரோ பொங்கல் வைத்துப் படைத்துவிட்டுப் போயிருந்தார்கள், கேன்டீன் தட்டில்.

இதோடு அடங்கியிருக்கும். ஆனால் ட்ரெய்னியாக இருந்த அறிவுமதி என்ற பெண் ஒருநாள் டீ நேரத்தில் செடியைச் சுற்றிவந்தாள். மறுநாள் அவளுக்கு வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதம் போன வாரமே டைப் ஆகிவிட்டது என்று மோகன் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கான்ட்ராக்ட் ஆட்கள், அப்ரென்டிஸ்கள், ஓவர்டைம் கிடைக்காதவர்கள், லைன் மாற்றிக் கேட்டவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பக்கத்துக் கம்பெனி ஆள் ஒருவர் வேலி வழியாகத் தேங்காய் கொடுத்தனுப்பினார். டீ நேரம் முடிந்த பிறகும் லைன் ஓடவில்லை. கேட்டால் பிரதட்சணம் முடியவில்லை என்றார்கள்.

சேஃப்டி ஆபீசர் ஜோயல் அதைப் பார்த்தது ஒரு புதன்கிழமை. கல்லுக்கு முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் தின்னர் வைக்கும் அறை. ஜோயல் அதிர்ந்து பேசுகிற ஆள் இல்லை. தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு கன்னியப்பனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, சாமி கும்பிடுறத நான் தப்பு சொல்லல. நானும் ஞாயித்துக்கிழமை மெழுகுவத்தி ஏத்துறவன்தான். ஆனா சர்ச்சுக்குள்ள ஏத்துறேன். தின்னர் ரூமுக்குள்ள ஏத்தல."

சனிக்கிழமைக்குள் கூட்டம் கலையாவிட்டால் செடியை எடுக்கச் சொல்லி எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

கன்னியப்பனுக்கு உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. டீ நேரத்தில் வரிசைக்கு முன்னால் போய் நின்று, இது சாமி இல்லை, துணியைக் கட்டியது நான்தான், என் வேட்டித் துணி என்றார். வரிசை மரியாதையோடு கேட்டுக்கொண்டது. முன்னால் நின்ற பெண் அவர் காலைத் தொடக் குனிந்தாள்.

"உங்கள வெச்சு அம்மா கட்டிக்கிச்சுண்ணே. எல்லார் கையிலயும் கட்டிக்காது."

அன்று மாலை அவருக்கே இரண்டு எலுமிச்சம்பழம் வந்தது.

கடைசியில் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். வியாழக்கிழமை டீ நேரத்தில், வாய் ஓயாத இரண்டு பேர் பக்கத்தில் நின்றுகொண்டு, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

"ஆடு எதையாவது வுட்டு வெச்சிப் பார்த்துக்கிறியா? செவுத்துல ஒட்டின போஸ்டரையே தின்னுது. இந்தச் செடிய மட்டும் மோந்து பார்த்துட்டுப் போயிடும். ஏன்னு நீயே யோசி."

கசப்புக்காகத்தான் என்பதை அவர் சேர்க்கவில்லை. அவர்களே யோசித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அந்தச் செடி விஷமாகிவிட்டது.

வரிசை கலைந்தது. கலைந்தவர்கள் எல்லோரும் முதலுதவி அறையில் போய்ச் சேர்ந்தார்கள். முதல் வாரத்தில் இலை பறித்துக் குடித்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு புரட்டியது. நர்ஸ் ஷெர்லின் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, இது காலங்காலமாக இருமலுக்குக் கொடுக்கிற இலை, ஒன்றும் ஆகாது என்று சொல்லித் தொண்டை வறண்டுபோனாள். மாரிசெல்வம் தரையில் சுருண்டு படுத்திருந்தான்.

"நீ எப்ப குடிச்ச?"

"பத்துப் பதினஞ்சு நாள் இருக்கும் சிஸ்டர்."

"அப்ப குடிச்சதுக்கு இப்பவா வயிறு வலிக்கும்?"

"இன்னைக்குத்தானே சிஸ்டர் தெரிஞ்சுது."

ஜோயல் சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. கேன்டீன் பக்கத்தில் தீயும் கூடாது, விஷமும் கூடாது, இரண்டு பெயரையும் ஒரே செடி ஒரே வாரத்தில் வாங்கிவிட்டது, தன்னால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். மோகன் கான்ட்ராக்டருக்குப் போன் செய்தான். நேற்று வரை சாமி என்று செடியைத் தொட அஞ்சிய ஆட்கள், இப்போது விஷம் என்று அரிவாளைத் தொட மறுத்தார்கள். மறுநாள் காலை ஜேசிபியே வருவதாக முடிவாயிற்று.

கன்னியப்பன் ஸ்டோரில் ஒரு கடப்பாறை வாங்கிக்கொண்டார். ஷிஃப்ட் முடிந்ததும் பின்னால் போய், துணியை அவிழ்த்துப் பையில் வைத்து, வேரைச் சுற்றி அகலமாகத் தோண்டினார். மண் கறுப்பாக இருந்தது. மோந்து பார்த்தார். மிளகு வாசம் அடிப்பதுபோல இருந்தது. இருமிக்கொண்டே தோண்டி, தாய்மண்ணோடு சாக்கில் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தார்.

கேட்டில் செக்யூரிட்டி கோபால் கையை நீட்டி மறித்தார். கம்பெனியிலிருந்து ஒரு போல்ட் வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். செடி போல்டைவிடப் பெரியது.

"இன்னான்னு எழுதிக்கிறது சார்?"

"செடின்னு எழுது."

"திரும்பி வர்ற பொருளா, வராத பொருளா?"

கன்னியப்பன் சாக்கை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"வராதது," என்றார்.

கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாகச் செடியை நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் நெருக்கித் தள்ளுகிற அந்த பஸ்ஸில் அன்று முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை காலியாக இருந்தது. ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு ஆள் இரண்டையும் செய்தார். டிரைவர் படப்பை வரும்வரை கண்ணாடி வழியாகச் செடியையே பார்த்துக்கொண்டு, எல்லா வேகத்தடையிலும் மெதுவாக ஏறி இறங்கினார்.

வீட்டுக் கிணற்றடியில் குழி வெட்டி நட்டார். தண்ணீர் ஊற்றினார், எரு போட்டார், வெயில் படாமல் லீலாவின் பழைய போர்வையைக் கட்டினார். மிச்சமிருந்த கொழுந்துகளும் தொங்கி உதிர்ந்தன. இரண்டு வாரத்தில் குச்சிதான் நின்றது. கம்பெனியில் பைக் ஷெட் எழுந்துவிட்டது. பச்சைப் போர்டை மோகன் துளசித் தொட்டிக்குப் பின்னால் நட்டுவைத்தான். ஆடிட்டுக்கு வந்தவர்கள் அந்தப் போர்டோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்களாம். எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்தது. கன்னியப்பன் மட்டும் தினமும் காலையில் எழுந்து குச்சிக்கு முன்னால் நின்று இருமினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லம்மாள் வந்தாள். கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள், லீலாவுக்கு அக்கா மாதிரி இருந்தவள். கன்னியப்பனை வயதும் பதவியும் பார்க்காமல் நீ என்று பேசுகிற ஒரே ஆள். ஷெல்ஃப் ஒழித்தபோது கிடைத்தது என்று பச்சை ஃபிளாஸ்கைக் கொண்டுவந்திருந்தாள். வந்தவள் முதலில் செடியைப் பார்த்தாள். குச்சியில் நகத்தால் ஒரு கீறு கீறினாள். உள்ளே பச்சை.

"உசுரு கீதுப்பா. எடம் மாறின கோவம், அவ்ளோதான். மழைக்குத் துளிர்த்துடும்."

கன்னியப்பன் பேச வாயெடுத்தார், இருமல்தான் வந்தது.

"இருமுறியேன்னு காய்ச்சியாந்துக்கிறேன்," என்று செல்லம்மாள் ஃபிளாஸ்கைத் திறந்து டம்ளர் நிறைய ஊற்றி நீட்டினாள்.

அந்தக் கசப்பு மூக்கு வழியாகவே நாக்குக்கு வந்துவிட்டது. கன்னியப்பன் டம்ளரை வாங்கிக்கொண்டார். செல்லம்மாள் துணிக்கொடிப் பக்கம் திரும்பினாள். அவர் கை தானாகவே குச்சியின் தூரை நோக்கிச் சாய்ந்தது.

"ஊத்து, ஊத்து," என்றாள் அவள், திரும்பாமலே. "என்னாண்ட இன்னா வெக்கம்?"

டம்ளர் அப்படியே நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்திரம் கழுவுற எடத்துக்கு ஜன்னல் எந்தப் பக்கம் கீதுன்னு நெனச்ச? தெனம் எங்களுக்கு அதுதானே சினிமா."

கன்னியப்பன் கிணற்றுப் படியில் உட்கார்ந்தார். இத்தனை மாதமாக முள்ளாக இருந்ததை, கேட்கவும் பயமாக, கேட்காமலும் இருக்க முடியாமல் கேட்டார்.

"லீலாவுக்கு?"

"அதுதான் டிக்கெட் கிழிக்கிற ஆளு. 'வாங்க, வாங்க, இப்ப குனிவாரு பாருங்க'ன்னு கூப்டும். நீ கைகட்டிக்கினு வானத்தப் பார்ப்பியே, அத அப்பிடியே செஞ்சி காட்டும்."

அவர் டம்ளரைப் படியில் வைத்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகம்.

"நான் குடிக்கலன்னு தெரிஞ்சும் எதுக்கு இத்தினி வருசம் காய்ச்சிக் குடுத்தா?"

செல்லம்மாள் ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினாள்.

"நீ குடிக்கிறதுக்கா குடுத்துச்சு? அந்த ரப்பர் பொகையிலேர்ந்து உன்ன தெனம் பத்து நிமிசம் வெளிய கொணாந்து நிக்க வெக்கத்தான் குடுத்துச்சு. வெயில்ல நிக்கிறியேன்னுதான், நீ ஊத்துற எடமா பார்த்து அந்தக் குச்சிய நட்டுச்சு."